ஐம்பது ஹெர்ட்ஸ்

ஒரு பாட்டின் வரிகள் என்ன என்று, அதை எழுதியவனோடு வருடக்கணக்கில் ஒரே மேடையில் நின்றவர்களே டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாட்டின் பெயர் ‘செரிமனி’. குழு, ஜாய் டிவிஷன். 1980 மே 2ஆம் தேதி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஹை ஹாலில் அதை மேடையில் பாடினார்கள். அது அவர்களுடைய கடைசிக் கச்சேரி என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது. பதினாறு நாள் கழித்து, அமெரிக்கப் பயணத்துக்கு முந்தின நாள், பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23.

‘செரிமனி’யை அவர்கள் ஸ்டூடியோவில் முறையாகப் பதிவு செய்திருக்கவில்லை. மிஞ்சியது மூன்று டேப்புகள். அந்தக் கச்சேரி ஒன்று, அன்று பிற்பகல் நடந்த சவுண்ட்செக் ஒன்று, மே 14ஆம் தேதி ஒத்திகை ஒன்று. மூன்றிலும் குரல் தெளிவாக இல்லை. மிச்சமிருந்த மூன்று பேரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர முடிவெடுத்து, முதல் சிங்கிளாக இதை வெளியிட நினைத்தபோது, கிடாரிஸ்ட் பெர்னார்ட் சம்னர் டேப்பை ஒரு கிராஃபிக் ஈக்வலைசர் வழியாக ஓடவிட்டு, கிடாரை அமுக்கி, குரல் இருக்கும் பட்டையை மட்டும் மேலே தூக்கி, வரிகளைக் காதால் பொறுக்கி எழுதினார். 1981இல் பாட்டு வெளிவந்தது. இன்றைக்கு நாம் கேட்கும் அந்த வரிகளில் கர்ட்டிஸ் எழுதியது எவ்வளவு, சம்னரின் காது நிரப்பிக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

என்னிடம் கச்சேரிப் பதிவுகள் எதற்கு, ஆல்பம்தான் இருக்கிறதே என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு. அம்மா மட்டும் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் கேட்பாள். “டேய், என்னடா இது, கிரைண்டர்ல கல்லு விழுந்த மாதிரி. இதுக்கா ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்க?” ஒருவகையில் சரியான விமர்சனம். 1979இல் ஒரு இங்கிலாந்து கிளப்பில் கோட்டுக்குள் ஒளித்துவைத்த ரெக்கார்டரில் பதிவானது கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கும்.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். பகலெல்லாம் யாருடைய பணமோ எங்கிருந்தோ எங்கோ போய்ச் சேர்ந்ததா என்று லாக் பார்ப்பது வேலை. இரவில் இது. ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்று இன்னொன்றின் பிரதி. பெரும்பாலும் 1978 முதல் 1984 வரையிலான போஸ்ட்-பங்க். பங்க் வெடித்து அடங்கின பிறகு மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட் மாதிரியான, ஆலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர்களில் கிளம்பின குழுக்கள் பல. பங்க் கொடுத்த துணிச்சலை வைத்துக்கொண்டு அதன் மூன்று கார்டை மட்டும் விட்டுவிட்டவர்கள். பேஸ் கிடார் முன்னால் வந்தது, கிடார் கோடு போடாமல் கீறியது, டிரம்ஸ் எந்திரம் மாதிரி ஓடியது. கேங் ஆஃப் ஃபோர், வயர், த ஃபால், கேபரே வால்டேர், சூக்ஸி அண்ட் த பேன்ஷீஸ். பாதிப்பேர் வாசிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே மேடையேறியவர்கள்.

எனக்கு இது வந்து சேர்ந்தது ஹாஸ்டல் லேன் வழியாக. 2008 வாக்கில் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் படித்தவர்களுக்கு டிசி ப்ளஸ் ப்ளஸ் என்றால் தெரியும். ஒவ்வொருத்தனுடைய கம்ப்யூட்டரிலும் இருப்பதை எல்லோரும் மேயலாம். ஷில்லாங்கிலிருந்து வந்த ஒரு சீனியர், கர்ட்டிஸைப் பற்றி ஆன்டன் கோர்பைன் எடுத்த ‘கன்ட்ரோல்’ படத்தை ஷேரில் போட்டிருந்தார். பக்கத்திலேயே ‘ப்ரெஸ்டன்’ என்று ஒரு ஃபோல்டர். படத்தைப் பார்த்துவிட்டு அதைத் திறந்தேன்.

1980 பிப்ரவரி 28, ப்ரெஸ்டன் ஊரின் வேர்ஹவுஸ் என்ற இடத்தில் ஜாய் டிவிஷன் வாசித்தது. 1999இல் அதிகாரபூர்வமாகவே குறுந்தகடாக வந்துவிட்டது. எந்த நியாயத்தில் வெளியிட்டார்கள் என்று கேட்கலாம், ஏனென்றால் அன்றைக்கு மேடையில் எதுவுமே ஒழுங்காக வேலை செய்யவில்லை. சத்தம் போகிறது, வருகிறது. கருவிகள் கோளாறு. பாட்டுக்கு நடுவே ஆட்கள் எதையோ சரிசெய்யப் போராடுவது கேட்கிறது. ஆல்பத்தில் சவப்பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரி அத்தனை கம்பீரமாக ஒலித்த அதே குழு, இங்கே ஒயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருக்கும் நாலு பையன்கள். கிட்டத்தட்ட எங்கள் கல்லூரி கல்ச்சுரல்ஸ் மாதிரி.

அன்றிலிருந்து ஆல்பங்களைக் கேட்பது குறைந்துபோனது.

இது வெறும் பிடிவாதம் இல்லை. ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்தை 1979இல் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவு செய்தவர் மார்ட்டின் ஹானெட். டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசிக்கவைத்து, டிஜிட்டல் டிலே போட்டு, சுற்றிலும் காலி இடம் விட்டு, ஆள் இல்லாத பெரிய கட்டடத்தின் ஓசையை உண்டாக்கினார். உலகம் இன்றைக்கும் அந்தக் கட்டடத்தைத்தான் ஜாய் டிவிஷன் என்று நினைக்கிறது. சம்னருக்கும் பேஸிஸ்ட் பீட்டர் ஹுக்குக்கும் அது பிடிக்கவே இல்லை, மேடையில் தாங்கள் வாசிக்கும் முரட்டுத்தனம் அதில் இல்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். ஹானெட் செய்தது மகத்தான வேலை, நான் மறுக்கவில்லை. ஆனால் குழு வேறு, கட்டடம் வேறு. குழுவைப் பார்க்க வேண்டுமென்றால் 1979 டிசம்பர் 18 பாரிஸ் லே பேன் தூஷ் பதிவைக் கேளுங்கள். வானொலிக்காக எடுத்தது, அதனால் தெளிவாக இருக்கும். டிரம்மர் ஸ்டீஃபன் மாரிஸ் எவ்வளவு வேகமாக அடிக்கக்கூடியவர் என்று அதில்தான் தெரியும்.

வானொலிப் பதிவுகள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ரசிகன் எடுத்தது. இதில் ஒரு படிநிலை உண்டு. மேடை மிக்ஸரிலிருந்து நேராக ஒயர் போட்டு எடுத்தால் ‘சவுண்ட்போர்டு’. கூட்டத்தில் நின்று மைக்கில் எடுத்தால் ‘ஆடியன்ஸ்’. புதிதாக வருபவர்கள் சவுண்ட்போர்டுக்கு அலைவார்கள், நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் சின்ன கிளப்பில் கிடாரும் டிரம்ஸும் தானாகவே போதுமான சத்தம். மிக்ஸருக்குப் போவது பெரும்பாலும் குரல்தான். அதனால் அந்த வகை சவுண்ட்போர்டு டேப்பில் பாடகர் காதுக்குள் கத்துவார், குழு பக்கத்துத் தெருவில் வாசிக்கும். நல்ல ஆடியன்ஸ் டேப்பில் அந்த அறை இருக்கும். கூரை எவ்வளவு உயரம் என்றுகூடத் தோன்றும். கதவு திறந்து மூடுவது, பக்கத்தில் நிற்பவன் பீர் கேட்பது, பாட்டு முடிந்ததும் ஏழெட்டுப் பேர் மட்டும் கைதட்டுவது. அந்த ஏழெட்டுப் பேரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டேப் எப்படிப் பரவியது என்பது தனிக்கதை. எடுத்தவன் தன் பட்டியலை டைப் அடித்து இன்னொருவனுக்குத் தபாலில் அனுப்புவான். அவன் தன்னிடம் உள்ளதை எழுதுவான். ஒன்றுக்கு ஒன்று. மாற்றிக்கொள்ள எதுவும் இல்லாத புதியவன், காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும். பிற்பாடு ‘ட்ரீ’ என்ற முறை வந்தது. மூலப் பிரதி வைத்திருப்பவர் வேர். அவர் நாலு பேருக்குப் பதிந்து தருவார், அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேருக்கு. ஆமாம், டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பரில் படித்த அதே ட்ரீதான், இங்கே உயரம் அதிகமானால் இரைச்சல் அதிகம். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் ‘ஸ்ஸ்’ கூடும், மேல்ஸ்தாயி மழுங்கும். நாலாம் தலைமுறையில் சிம்பல் ஓசை எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் நமக்கு அந்நியம் இல்லை. தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கின தலைமுறை என் அப்பாவுடையது. சபாக் கச்சேரிகளை ஸ்பூலில் எடுத்து, ஆளுக்கு ஆள் கைமாற்றிவந்த கர்நாடக சங்கீத ரசிகர்களிடமும் இதே பொறாமை, இதே தர்மம், ‘என்னிடம் இருப்பது உன்னுடையதைவிட நல்ல பிரதி’ என்ற இதே அல்பத்தனம் உண்டு.

தர்மம் என்று சொன்னேன். எழுதாத சட்டம் மூன்று. விற்கக்கூடாது. அதிகாரபூர்வமாக வெளிவந்துவிட்டதைச் சுற்றில் விடக்கூடாது, காசு கொடுத்து வாங்க வேண்டும். எம்பி3 ஆக்கிப் பரப்பக்கூடாது. மூன்றாவது வெளியாட்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஏற்கெனவே பாதி நாசமான டேப், அதில் எம்பி3 எடுத்துவிடும் நுணுக்கம் எங்கே இருக்கிறது? விஷயம் காதைப் பற்றியது இல்லை. ஒருவன் எம்பி3 ஆக்கி, அதிலிருந்து இன்னொருவன் சிடி எழுதி, அதை மூன்றாவது ஆள் திரும்ப எம்பி3 ஆக்கினால் கேசட் காலத்துத் தலைமுறைத் தேய்மானம் திரும்ப வந்துவிடும். டிஜிட்டல் தந்த ஒரே வரம், நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்று என்பது. அதைக் கெடுக்காதே என்பதுதான் சட்டம். அதனால் ஃப்ளாக் கோப்புகள். கூடவே செக்சம், ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். எம்பி3யை ஃப்ளாக் ஆக்கி ஏமாற்றுபவனும் மாட்டிக்கொள்வான். ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் 128 கிலோபிட் எம்பி3 ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டின மாதிரி நின்றுபோயிருக்கும்.

ஒவ்வொரு பதிவோடும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வரும். தேதி, ஊர், எந்த ரெக்கார்டர், எத்தனையாவது தலைமுறை, யார் கணினிக்கு ஏற்றினார்கள், எந்த டெக்கில், என்ன திருத்தம் செய்தார்கள். வம்சாவளி. ‘இரண்டாம் பாட்டில் 14 நொடி டிராப்அவுட், சரிசெய்யவில்லை’ என்ற மாதிரி வரிகள். நான் வேலையில் வாசிக்கும் எந்த டாக்குமென்டேஷனும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

எனக்கு இதில் வாய்த்த வேலை வேகம். கேசட் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். ஓடாது. ரெக்கார்டரில் பேட்டரி இறங்கியிருந்தால் பதியும்போது டேப் மெதுவாக நகரும். பிற்பாடு சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் வேகமாக, உயர்ந்த சுருதியில் கேட்கும். கர்ட்டிஸின் குரல் ஆழமானது என்று நமக்குத் தெரியும். ஒரு டேப்பில் அவர் விடலைப் பையன் மாதிரி கேட்டால் அது அவரா, பேட்டரியா? ஆல்பத்தோடு ஒப்பிட்டுச் சுருதி சேர்க்கலாமே என்பார்கள். மேடையில் அன்றைக்கு எந்தச் சுருதிக்கு கிடாரைக் கட்டினார்கள் என்று யார் கண்டது. டியூனர் வைத்திருந்தால்தானே.

இங்கேதான் கரண்ட் கைகொடுக்கிறது. பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் அதே எண்ணில், 100, 150 என்று அதன் மடங்குகளில், ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். பாட்டு நிற்கும் இடைவெளியில் கேட்டால் புரியும். நம் ஊர் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான், என் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் டிரான்ஸ்பார்மரும் அதே ‘ம்ம்ம்’தான் சொல்கிறது. அந்த முனகல் டேப்பில் 52 ஹெர்ட்ஸில் இருந்தால் டேப் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். மின்நிலையம் கொஞ்சம் ஏறி இறங்கும், நான்கு சதவீதம் ஏறாது. நான்கு சதவீதம் என்றால் சுருதியில் அரைச்சுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு. சாதாரணக் காதுக்கே உறுத்தும்.

பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன். டேப் முழுக்க அந்த முனகலைத் தொடர்ந்து போய், ஒவ்வொரு பத்து நொடிக்கும் வேகம் என்ன என்று வரைபடம் போடும். சில டேப்புகளில் கோடு நேராக இருக்கும். சிலவற்றில் முதல் பாட்டில் 50.3இல் தொடங்கி கடைசிப் பாட்டில் 52க்கு ஏறும். பேட்டரி சாகச் சாக ஏறும் கோடு அது. இன்னும் சிலவற்றில் 50க்குப் பக்கத்திலேயே 60 ஹெர்ட்ஸில் இரண்டாவதாக ஒரு முனகல் இருக்கும். அமெரிக்காவில் கரண்ட் 60. அப்படியானால் அந்த டேப் எப்போதோ அட்லான்டிக்கைத் தாண்டிப் போய், அங்கே யாருடைய வீட்டிலோ, எர்த் சரியில்லாத ஒரு டெக்கில் பிரதி எடுக்கப்பட்டிருக்கிறது. டெக்ஸ்ட் கோப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. முதல் தடவை அந்த இரட்டைக் கோட்டைத் திரையில் பார்த்தபோது, மறுநாள் காலை எட்டு மணி மீட்டிங்கை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி இது சாம்பல் நிறம் என்பார்கள். கொஞ்சம் அடர்ந்த சாம்பல் என்றே சொல்ல வேண்டும். பாட்டின் உரிமை எழுதியவருடையது, வாசிப்பின் உரிமை வாசித்தவருடையது. சில குழுக்கள் இதைப் புத்திசாலித்தனமாகக் கையாண்டன. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் 1984இலேயே டேப் எடுப்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. வயர், ‘லீகல் பூட்லெக்’ என்ற பெயரிலேயே தன் பழைய கச்சேரிகளை வெளியிட்டது. போஸ்ட்-பங்கின் அடுத்த தலைமுறை என்று சொல்லத்தக்க வாஷிங்டன் குழு ஃப்யூகாஸி, 1987 முதல் 2002 வரை வாசித்த ஆயிரத்துச் சொச்சம் கச்சேரிகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டதைத் தானே பதிந்து வைத்திருந்தது. 2011 டிசம்பரிலிருந்து ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றினார்கள். ஒரு கச்சேரி ஐந்து டாலர், முடியாவிட்டால் ஒரு டாலர் கொடு. நன்றாக வாசித்த நாள், சொதப்பின நாள், மேடையில் சண்டை நடந்த நாள் எல்லாம் உண்டு. எது நல்ல கச்சேரி என்று அவர்கள் நமக்காகத் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. அது எனக்கு மரியாதையாகப் படுகிறது.

மறுபக்கமும் உண்டு. நாங்கள் மூன்று பேர், மூன்று நாடுகளில் உட்கார்ந்து, ஐந்து மாதம் ஒட்டுப்போட்டுச் சரிசெய்த ஒரு பதிவை யாரோ எல்பியாக அடித்து நல்ல விலைக்கு விற்றார்கள். அட்டையில் எங்கள் டெக்ஸ்ட் கோப்பின் வரிகளே, எழுத்துப்பிழையோடு. எங்களுக்குக் காசு வரவில்லை என்பது பிரச்சினை இல்லை, அது எங்களுடையது இல்லை. குழுவுக்கும் வரவில்லை.

இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போகிறேன். 1980 தொடக்கத்திலிருந்து மே 2 வரைக்கும் ஜாய் டிவிஷனின் டேப்புகள் கிடைத்தவரை என்னிடம் இருக்கின்றன, தேதி வரிசையில். அதைத் தொடர்ச்சியாகக் கேட்பது என்பது ஒரு மனிதன் முடிந்துகொண்டு போவதைக் கேட்பது. கர்ட்டிஸுக்கு 1979 ஜனவரியில் வலிப்பு நோய் என்று கண்டறியப்பட்டிருந்தது. மேடையில் அவர் ஆடிய ஆட்டத்துக்கும் வலிப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் கூட்டம் கைதட்டிய இரவுகள் உண்டு. 1980 ஏப்ரல் 4ஆம் தேதி லண்டன் ரெயின்போவில் வாசித்து, விளக்குகளின் வெட்டொளியில் வலிப்பு வந்து, அதே இரவில் மூன்லைட் கிளப்பில் திரும்ப மேடையேறினார். அடுத்த சில நாட்களில் உயிரை விட முயன்றார். ஏப்ரல் 8ஆம் தேதி பரி நகர டெர்பி ஹாலில் கச்சேரி. ரத்து செய்யவில்லை. ஓரிரு பாட்டு அவர், மீதிக்கு வேறு பாடகர்கள். கூட்டம் கலவரமாகிவிட்டது.

இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்த டேப்புகளைக் கேட்பவன் இசை கேட்பதில்லை, அறிகுறி தேடுகிறான். இங்கே குரல் உடைகிறதா, இங்கே வரி விட்டுப்போனது ஏன், இந்த மௌனம் நீளமோ. பதிவுகள் கைமாறும் இடங்களில் இதைக் கொண்டாட்டமாகவே செய்வார்கள். ‘கடைசி’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு. கடைசிக் கச்சேரி, கடைசிப் பாட்டு, கடைசி ஒத்திகை. பர்மிங்ஹாமில் கடைசியாக வாசித்தது ‘டிஜிட்டல்’ என்ற பாட்டு. அது துள்ளலான பாட்டு, அன்றைக்குத் துள்ளலாகவே வாசித்தார்கள். அதில் மரணத்தைக் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது. அந்த நாலு பேரும் அடுத்த வாரம் ஒத்திகைக்கு வரப்போகிறவர்கள் மாதிரிதான் வாசித்தார்கள். வரவும் செய்தார்கள். மே 14 ஒத்திகையில் ‘செரிமனி’ வாசித்த அதே நாட்களில் ‘இன் எ லோன்லி ப்ளேஸ்’ என்ற இன்னொரு புதிய பாட்டும் இருந்தது. 1997இல் வெளியான பெட்டித் தொகுப்பில் அது பாதியில் அறுந்து நிற்கும். முழுதாக வெளிவந்தது 2011இல். பதினான்கு வருடம் பாதிப் பாட்டாக இருந்தது.

கர்ட்டிஸிடம் யாரும் அனுமதி கேட்க முடியாது. கேட்டிருந்தால் அந்த ஏப்ரல் டேப்புகளை வெளியில் விடச் சொல்லியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தருகிறேன். வரிசையாக மட்டும் தருவதில்லை, அது என் சின்ன வீம்பு.

கேட்க முடிகிற ஒருவரிடம் கேட்டால் என்ன ஆகும் என்று போன வருடம் தெரிந்தது. வட இங்கிலாந்தில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பதினேழு வயதில் அண்ணனுடைய ரெக்கார்டரைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கச்சேரிகளுக்குப் போனவர். இரண்டு ஷூ பெட்டி நிறைய கேசட். சிகரெட்டை விட்ட பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தாராம். வேகம் சரிசெய்ய எனக்கு அனுப்புவார். மின்னஞ்சலில் வானிலைதான் அதிகம் இருக்கும்.

அதில் ஒரு சி-60 கேசட். 1981, ஒரு பப்பின் மேல்மாடி. குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு சிங்கிள்கூட வெளியிடாமல் கலைந்துபோனவர்கள். அந்தக் குழு இருந்ததற்கு இந்த 38 நிமிடத்தைத் தவிர அவரிடம் வேறு எந்தச் சாட்சியும் இல்லை. கேட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது. நட்புக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே. பேஸும் டிரம்ஸும் ஒரே ஆள் மாதிரி, மேலே ஒரு பெண் குரல், பாடுவதற்கும் ரேஷன் கடையில் சண்டை போடுவதற்கும் நடுவில். மூன்றாவது பாட்டுக்கும் நாலாவதுக்கும் இடையில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பையன், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பான். அதை மட்டும் எடுத்துவிடாதே என்று பெரியவர் எழுதியிருந்தார். கேட்டவன் அவருடைய நண்பன், 1994இல் இறந்துவிட்டான். இப்போதெல்லாம் கூட்டத்தின் சத்தத்தை இசையிலிருந்து தனியாக உரித்தெடுக்கும் மென்பொருள் வந்துவிட்டது, ஒரு கிளிக் வேலை. நான் தொடவில்லை.

முனகல் 51.7இல் இருந்தது. சரிசெய்தேன். குரல் இறங்கி, கொஞ்சம் கரகரப்பாக, இன்னும் நன்றாக ஆனது. டெக்ஸ்ட் கோப்பும் எழுதிவிட்டேன். வெளியிடுவதற்கு முன் பெரியவர் ஊரில் விசாரித்து அந்தப் பாடகியைக் கண்டுபிடித்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பை அனுப்பி அனுமதி கேட்டார்.

வேண்டாம் என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அந்த அறையில் இருந்தவர்களுக்குப் பாடினேன், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாராம்.

நான் இரண்டு நாள் பெரியவரோடு வாதாடினேன். குழுவுக்கு வேறு தடயமே இல்லை, இந்தப் பாட்டுகள் அழிந்துபோகும், பெயரை மாற்றிப் போடலாமே என்றெல்லாம். அவர் ஒரே வரியில் பதில் போட்டார். “அவங்க குரல், தம்பி.” தம்பி என்று அவர் சொல்லவில்லை, அவர் சொன்னதற்கு நம் பக்கம் அதுதான் பொருந்தும். பாட்டு என் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். யாருக்கும் அனுப்பவில்லை. மரியாதையா, பதுக்கலா என்று எனக்குள் முடிவாகவில்லை. சம்னருக்கு அந்த மூன்று டேப்பும் கிடைக்காமல் யாராவது இப்படி மரியாதையாக வைத்திருந்தால் ‘செரிமனி’ இல்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் பாடகியிடமிருந்து பெரியவருக்கு இன்னொரு கடிதம். முடிவு மாறவில்லை. ஆனால் கோப்பை இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார் போல. நான் இவ்வளவு தாழ்ந்த குரலிலா பாடினேன் என்று கேட்டிருந்தார். முனகல், 50 ஹெர்ட்ஸ், பேட்டரி எல்லாவற்றையும் விளக்கி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். கூடவே இன்னொரு கேள்வி. ஆறாவது பாட்டு நடுவில் நின்று, திரும்ப வரும்போது முடிந்துகொண்டிருக்கிறது, அந்த இடத்தில் தான் ஒரு வரி மாற்றிப் பாடினது ஞாபகம், அது என்ன வரி என்று மறந்துவிட்டது, எங்காவது கிடைக்குமா?

சி-60இல் ஒரு பக்கம் அரை மணி நேரம்தான். பதினேழு வயதுப் பையன் இருட்டில், கோட்டுக்குள் கையை விட்டு, கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறான். இரண்டு முனையிலும் டிரம்ஸ் அடியை வைத்து எண்ணிப் பார்த்தேன், பதினொரு நொடி போயிருக்கிறது. இல்லை, கிடைக்காது என்று எழுதினேன்.